கிள்ளான் பள்ளத்தாக்கு வாசல்களில் செயற்கைப் புல்: பழுதும் பழுதுபார்ப்பும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் செயற்கைப் புல்லை மண்ணின்மேல் விரிப்பவர்கள் குறைவு. தெரஸ் வீட்டின் கார் போர்ச், அதை ஒட்டிய டைல்ஸ் முற்றம், பின்கட்டில் சிமெண்டு பூசிய துண்டு இடம், பிரிக்பீல்ட்ஸ் போன்ற பகுதிகளில் அடுக்குமாடிப் பால்கனி ஆகியவைதாம் அதன் இருப்பிடங்கள். பழுதுபார்க்கும் முறையைச் சொல்லும் கையேடுகளும் காணொளிகளும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகின்றன. அங்கே புல்லுக்கடியில் கெட்டித்த ஜல்லியும் அதற்கும் கீழே மண்ணும் இருக்கும். மழைநீர் நேராகக் கீழே இறங்கிவிடும். இங்கே நீர் இறங்க வழியில்லை, பக்கவாட்டில்தான் வடிந்தாக வேண்டும். இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் செய்வதால்தான் நம் வாசல்களில் போட்ட ஒட்டு அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. கிழிசல் மேலே தெரிகிறது. காரணம் அநேகமாகக் கீழே இருக்கிறது. எதைச் சரிசெய்யலாம், எப்படிச் செய்ய வேண்டும், எப்போது கைவிட வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தக் கீழ்த்தளத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தப் பொருள் பிறந்த கதையிலேயே நமக்குப் பொருந்தும் செய்தி ஒன்று உண்டு. 1965இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் திறக்கப்பட்ட அஸ்ட்ரோடோம், கூரை மூடிய விளையாட்டரங்கம். கூரையின் ஒளிபுகும் தகடுகள் வழியே வரும் வெயிலில் உயிர்ப்புல் வளரும் என்று திட்டமிட்டிருந்தார்கள். மேலே எழும் பந்தைப் பார்க்க முடியாமல் ஆட்டக்காரர்களுக்குக் கண் கூசியதால் தகடுகளுக்குச் சாயம் பூசினார்கள். வெளிச்சம் குறைந்தது, புல் செத்தது. மோன்சாண்டோ நிறுவனத்தின் நைலான் புல்லை 1966இல் அங்கே விரித்தார்கள். அரங்கின் பெயரை ஒட்டி அதற்கு அஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரும் வந்தது. நம் தாமான்களில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். போர்ச்சுக்குக் கூரை போட்டதும் அதன் நிழலில் பசும்புல் மடிந்தது. மழை வந்தால் சேறு, மாதாமாதம் புல்வெட்ட ஆள் தேடும் தொல்லை. 1998இலும் 2014இலும் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது புல்லுக்குத் தண்ணீர் விட யாருக்கும் மனம் வரவில்லை. முதலில் சிமெண்டு பூசினார்கள், பிறகு டைல்ஸ் பதித்தார்கள், அந்த வெறுமை பிடிக்காமல் அதன்மேல் பச்சைச் சுருளை விரித்தார்கள். 2020இன் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டோடு அடைந்திருந்த குடும்பங்கள் பல வாசலையும் பால்கனியையும் சீர்படுத்தின. அப்போது விரித்த மலிவான புல்லெல்லாம் இப்போது பழுதுபார்க்கும் வயதுக்கு வந்துவிட்டது.

விளையாட்டு வழியாக மலேசியர்களுக்கு இது முன்பே பழக்கமானதுதான். 1975 மார்ச்சில் மெர்டேக்கா அரங்கில் இந்தியா பாகிஸ்தானை 2–1 என வென்ற உலகக் கிண்ண ஹாக்கி இறுதியாட்டம் இயற்கைப் புல்லில் நடந்தது. அடுத்த ஆண்டே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. 2002இல் உலகக் கிண்ணம் மறுபடி கோலாலம்பூருக்கு வந்தபோது புக்கிட் ஜாலிலில் பந்து உருண்டது செயற்கைத் தரையில். ஆனால் மைதானத்துத் தரையைச் சீவவும் நனைக்கவும் கழுவவும் ஆட்கள் உண்டு. வீட்டுக்குப் புல் மட்டும்தான் வந்தது, அந்தப் பராமரிப்பு கூட வரவில்லை. பராமரிப்பே தேவையில்லை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பழுதுகளில் பாதிக்கு அந்த வாக்கே காரணம்.

பழுதைப் புரிந்துகொள்ள அதன் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே நீளமாக நிற்கும் இழைகள் பாலிஎத்திலீன். அடியில் சுருண்டு, காய்ந்த புல்போலப் பழுப்பும் பச்சையுமாகக் கிடப்பவை பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். இரண்டையும் ஒரு நெய்த பிளாஸ்டிக் துணியில் வரிசை வரிசையாகத் தைத்து, பின்புறம் செயற்கை ரப்பர் பாலையோ பாலியூரித்தேனையோ பூசி உலர்த்துகிறார்கள். அந்தப் பூச்சுதான் இழைகள் உருவி வராமல் பிடித்துக்கொள்கிறது. நீர் வடிய இடையிடையே துளைகள் இருக்கும். சுருளின் அகலம் பெரும்பாலும் 2 மீட்டர் அல்லது 4 மீட்டர். அதனால் 20 அடி அகல முற்றத்தில் இணைப்பு இல்லாமல் விரிக்கவே முடியாது. அந்த இணைப்புகள்தாம் முதலில் பிரிகின்றன.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 டிகிரியில் இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேரே நிற்கும். புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. அதைத் தடுக்க நிலைப்படுத்தும் வேதிப்பொருள்களைக் கலப்பார்கள். மலிவான சுருளில் அந்தக் கலவை குறைவு, சில ஆண்டுகளில் தீர்ந்தும்விடும். பிறகு நிறம் வெளுக்கும், இழை நுனி பிளக்கும், கடைசியில் தொட்டால் பொடியும். சூடு தனிக் கதை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 2002இல் தன் மைதானத்தில் அளந்து பார்த்தபோது, செயற்கைத் தரையின் மேற்பரப்பு இயற்கைப் புல்லைவிட ஏறத்தாழ 48 செல்சியஸ் டிகிரியும் தார்ச்சாலையைவிட 20 டிகிரியும் கூடுதலாகச் சுட்டது. மதியம் இரண்டு மணிக்கு நம் வாசலில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்கு அளவுகருவி தேவைப்படாது. அந்தச் சூட்டில் புல் விரிகிறது, மாலை மழையில் சுருங்குகிறது. நாள்தோறும் நடக்கும் இந்த இழுபறியில் இணைப்பின் பசை தளர்கிறது.

மழையின் கணக்கு இன்னும் பெரிது. சென்னைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் கோலாலம்பூருக்கு 2,400க்கு மேல். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை ஒரு மணி நேரத்தில் வடிகாலை நிரப்பிவிடும். சிமெண்டுத் தரையில் சரிவு சரியாக இல்லாவிட்டால் நீர் புல்லுக்கடியில் தேங்கும். ஒட்டுப்பசை எப்போதும் ஈரத்திலேயே ஊறும், தூசியும் இலைமக்கும் சேர்ந்து துளைகளை அடைக்கும், நிழலான மூலையில் பாசி படரும். தேங்கிய நீர் கொசுவுக்கும் இடம் கொடுக்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டத்தின்படி வீட்டு வளாகத்தில் கொசு வளர விடுவது குற்றம். டிங்கி அதிகாரிகள் பூச்சட்டியைப் பார்ப்பார்கள். குழிவிழுந்த தரையில் கிடக்கும் புல்லின் மூலையை வீட்டுக்காரர்தான் தூக்கிப் பார்க்க வேண்டும்.

கிள்ளானுக்கு என்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. கிள்ளானும் அதன் கடலோரப் பகுதிகளும் பல மீட்டர் ஆழத்துக்கு மென்மையான கடற்களிமண்ணின்மேல் அமர்ந்திருக்கின்றன. வீட்டைத் தூண்பைல் அடித்துக் கட்டியிருப்பார்கள். போர்ச்சின் தரையோ பல இடங்களில் நேராக மண்மேல் கிடக்கும். ஆண்டுகள் போகப் போக வீடு நிற்கும், போர்ச் இறங்கும். சுவரும் போர்ச்சும் சேரும் இடத்தில் விரிசல் ஓடுவதைக் கிள்ளான்வாசிகள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். வடிகாலை நோக்கிச் சாய்ந்திருந்த தரை இப்போது வீட்டை நோக்கிச் சாய்கிறது. அதன்மேல் ஒட்டிய புல் அந்த விரிசல் கோட்டிலேயே கிழிகிறது அல்லது மடிப்பு விழுந்து உப்புகிறது. எத்தனை நல்ல பசை போட்டாலும் அங்கே ஒட்டு நிற்காது. தரை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால், புல்லை அந்தக் கோட்டில் வேண்டுமென்றே வெட்டி இரண்டு தனித் துண்டாக விட்டுவிடுவதே அறிவுடைமை.

மற்ற சேதங்கள் நம் வாழ்க்கைமுறையிலிருந்தே வருபவை. மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரிக்கு மேல், பாலிஎத்திலீன் உருகுவது ஏறத்தாழ 120 டிகிரியில். அதனால் தீபாவளிக்கு மறுநாள் காலையில் வாசற்புல்லில் கறுத்த புள்ளிகள் தெரியும். பொங்கல் அடுப்பு, சாம்பிராணித் தணல், கற்பூரம், சனிக்கிழமை இரவு கோழி வாட்டும் கரி எல்லாமே அதைச் சுடும். மோட்டார் சைக்கிளின் பக்கத் தாங்கி ஒரே இடத்தில் ஊன்றி ஊன்றித் துளை போடும். கார் சக்கரம் நின்று திரும்பும் இடத்தில் இழை முறுக்கிக்கொள்ளும். கோலமாவும் சோற்றுப் பருக்கையும் இழைக்குள் விழுந்தால் எறும்புகள் அடியில் குடியேறும். எதிரே கண்ணாடிக் கோபுரம் எழுந்திருக்கும் மாடிவீட்டில், யாரும் நெருப்பே வைக்காத இடத்தில் நீளக் கோடாகப் புல் உருகியிருந்தால், எதிர்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயிலைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே புல்லை மாற்றுவதற்கு முன் நிழலுக்கு வழி செய்ய வேண்டும்.

ஆகவே பழுதுபார்ப்பின் முதல் வேலை பசை வாங்குவது இல்லை. மழை பெய்து ஓய்ந்து இரண்டு மணி நேரம் கழித்து, கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். தரை ஈரமாக மட்டும் இருந்தால் கவலையில்லை. நீர் நின்றால் சரிவில் கோளாறு. கறுத்த வழவழப்பு இருந்தால் நெடுநாளாக வடிகால் அடைபட்டிருக்கிறது. வெண்பொடியாகத் தூள் உதிர்ந்தால் புல்லின் பின்பூச்சே சிதைகிறது. இந்த நான்கில் எது என்று தெரிந்த பிறகுதான் மேலே செய்யும் வேலைக்குப் பொருள் உண்டு. சிறு பள்ளங்களைச் சிமெண்டுச் சாந்தால் நிரப்பி, வடிகாலை நோக்கி மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சரிவு வருமாறு இழுத்துவிடலாம். இதைக் கொத்தனார் ஒரு காலையில் முடிப்பார். மண்மேல் விரித்திருக்கும் சில வீடுகளில் பள்ளத்தை மணலால் நிரப்புகிறார்கள், முதல் பெருமழையில் அது கரைந்துவிடும். கிரஷர் ரன் எனும் தூள்கலந்த ஜல்லியைக் கொட்டி, நனைத்து, இடித்துக் கெட்டித்து, மேலே மெல்லியதாகக் குவாரித் தூள் பரப்பினால்தான் நிற்கும்.

இணைப்பு பிரிவதுதான் இங்கே மிகுதியாக நேரும் பழுது. எனவே அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல வீடுகளில் இரண்டு சுருள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியில் இருபக்க ஒட்டுநாடாவை ஒட்டியிருப்பார்கள். ஈரமான டைல்ஸில் அந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும் காலம் சொற்பம். சிலர் செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் மஞ்சள் பசையைத் தடவுகிறார்கள், மலிவான வகை மதியச் சூட்டில் இளகிவிடும். இன்னும் சிலர் சிலிகானைப் பிதுக்குகிறார்கள். அது புல்லின் முதுகில் சரியாகப் பற்றாது, பற்றாததோடு தான் இருந்த இடத்தில் பிறகு எந்தப் பசையையும் பற்றவிடாது. பழைய சிலிகான் இருந்தால் அதைச் சுரண்டி முழுக்க எடுத்த பிறகுதான் வேறு வேலை. இதற்கென்றே வரும் அகலமான இணைப்புப்பட்டையும் பாலியூரித்தேன் பசையும் விலை கூடியவை. ஆனாலும் இந்த வேலைக்கு அவைதாம் தகுதியானவை.

முறை இதுதான். இரு பக்கத்தையும் மடக்கி வையுங்கள். தரையையும் புல்லின் முதுகையும் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். ஆலையிலிருந்து வந்த ஓரத்தில் இழையில்லாத துணி விளிம்பும் நெருக்கமற்ற தையலும் இருக்கும். அதை வெட்டாமல் ஒட்டுவதால்தான் பல வாசல்களில் இணைப்பு ஒரு கோடாகக் கண்ணில் படுகிறது. இரண்டு அல்லது மூன்று தையல் வரிசையை முதுகுப்புறமிருந்து, இரு வரிசைகளுக்கு இடைப்பட்ட வழியே, புதிய பிளேடு போட்ட கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். இரண்டு துண்டுகளையும் சேர்க்கும்போது இடைவெளி அந்தப் புல்லின் தையல் வரிசை இடைவெளி அளவுக்கே இருக்க வேண்டும். அதிகமானால் வகிடு தெரியும், குறைந்தால் முகடு எழும். இழைகள் இரு பக்கமும் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும், எதிரெதிரே சாய்ந்தால் ஒரே சுருளிலிருந்து வந்த துண்டுகள்கூட இரு நிறமாகத் தெரியும். பட்டையை நடுவில் இட்டு, பசையைத் தடவி, டின்னில் சொன்ன நேரம் காத்திருந்து, ஓரங்களை இறக்கி, பசையில் சிக்கும் இழைகளை விரலால் விடுவித்தபடி அழுத்திச் செல்ல வேண்டும். பிறகு மேலே மணல்மூட்டைகளை அடுக்கி ஒரு நாள் விட்டுவிட வேண்டும். வெட்டும் வேலைக்கு முந்தைய நாளே புல்லை வெயிலில் சில மணி நேரம் தளர விடுவது அவசியம். உச்சிவெயிலில் விரிந்து நிற்கும்போது அளந்து வெட்டினால் இரவில் இடைவெளி திறக்கும் என்பதால் காலை வேளையே நல்லது. இந்தப் பசைகளில் பல காற்றின் ஈரத்தால் இறுகுபவை. ஈரக்காற்று அவற்றுக்கு உதவும், தேங்கிய நீர் நுரைக்க வைத்துக் கெடுக்கும். மூன்று மணிக்கு இடி முழங்கும் மாதங்களில் காலை எட்டு மணிக்கே தொடங்கிவிட வேண்டும், திறந்த வாசலானால் தார்ப்பாய் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஓட்டைக்கும் உருகலுக்கும் ஒட்டுத்துண்டு போடலாம். ஒன்றிரண்டு இழைகளின் நுனி மட்டும் உருகியிருந்தால் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு மறந்துவிடலாம். வேரோடு உருகியிருந்தால் அந்தப் பகுதியைச் சதுரமாக, தையல் வரிசையை ஒட்டி, முதுகுப்புறமிருந்து வெட்டி எடுத்து, அதையே அளவுக்கு வைத்து மாற்றுத் துண்டை வெட்ட வேண்டும். வட்டமாக வெட்டினால் வரிசைகள் பொருந்தாது. மாற்றுத் துண்டின் முதுகில் இழை சாயும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். இங்கே எழும் தொல்லை நிறம். ஐந்து ஆண்டு வெயிலில் வெளுத்த புல்லின் நடுவில் புதுத்துண்டு பளபளவென்று நிற்கும். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, பூந்தொட்டிக்குப் பின்னாலோ கார் நிற்கும் இடத்தின் உள்மூலையிலோ இருந்து பழைய துண்டை வெட்டி முன்னால் வைத்து, அந்த மறைவிடத்தில் புதியதைப் பதிப்பது. மற்றொன்று முன்யோசனை. முதன்முதலில் விரிக்கும்போது மிஞ்சும் துண்டைச் சுருட்டி ஸ்டோர் அறையில் வைக்காமல், வெட்டவெளியில், அதே வெயிலில் கிடக்கவிட வேண்டும். அதுவும் கூடவே வெளுக்கும், தேவைப்படும் நாளில் நிறம் பொருந்தும். வேலை முடிந்ததும் மிச்சத் துண்டுகளை லாரியில் ஏற்றிப் போகும் குத்தகையாளரிடம் குறைந்தது ஒரு சதுர மீட்டரையாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே சுருளை அடுத்த ஆண்டு எந்தக் கடையிலும் தேடிப் பிடிக்க முடியாது.

படிந்துபோன புல்லுக்குச் செலவில்லாத மருந்து துடைப்பம். கெட்டியான நைலான் துடைப்பத்தால் இழை சாயும் திசைக்கு எதிராக, வெயிலேறி இழை சற்று இளகியிருக்கும் நேரத்தில் சீவினால் பெரும்பகுதி எழுந்துவிடும். கம்பித் தூரிகை இழையைக் கிழிக்கும். வெளிநாட்டு முறைப்படி சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவுக்குக் குறையாமல் சிலிக்கா மணல் தூவுவார்கள். அது இழையை நிமிர்த்தி நிறுத்தும், முதுகுத்துணியை வெயிலிலிருந்து காக்கும், புல் நகராமல் கனம் கொடுக்கும். மண்ணின்மேல் விரித்த புல்லுக்கு அது நன்று. வடிகாலை நோக்கிச் சரியும் டைல்ஸ் போர்ச்சில் ஓரத்தில் தடுப்பு இல்லாமல் மணல் போட்டால் அத்தனையும் சாக்கடைக்குப் போய், அங்கே ஓர் அடைப்பை உண்டாக்கும். எனவே போர்ச்சில் மணலைவிட அடிக்கடி சீவுவதையே பரிந்துரைப்பேன்.

நாய் வளர்க்கும் வீடுகளில் முதலில் வருவது கிழிசல் இல்லை, வாடைதான். சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. திறந்த வெளியில் மழை கழுவிவிடும். கூரைக்கடியில் மழை படாது என்பதால் அங்கேதான் நாற்றம் நிலைக்கிறது. வாரம் ஒருமுறை நீர்பாய்ச்சிக் கழுவி, நொதி கலந்த திரவத்தையோ நீர்த்த வினிகரையோ தெளிக்கலாம். குளோரின் ப்ளீச்சை அதன்மேல் ஊற்றக் கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சைத் தாக்கும் நச்சுவாயுவை அது உண்டாக்கும். வாடை போகவே மாட்டேன் என்றால் முதுகுப்பூச்சு ஊறிவிட்டது, அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

வெள்ளம் பார்த்த புல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பர் 18ஐ ஒட்டிய நாள்களில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் மூழ்கின. வடிந்த நீர் விட்டுச்சென்றது வெறும் சேறு மட்டும் இல்லை, சாக்கடையும் எண்ணெயும் கலந்த வண்டல். அப்படிப்பட்ட வண்டல் புல்லின் வேர்ப்பகுதியில் காய்ந்து இறுகினால் எந்த அழுத்தநீர்க் குழாயாலும் முழுக்க எடுக்க முடியாது. முழுப்பரப்பிலும் பசையிட்டு ஒட்டிய புல்லைத் தூக்கவும் முடியாது. ஓரங்களிலும் இணைப்பிலும் மட்டும் பசையிட்டிருந்தால், சேறு காயும் முன் பிரித்துச் சுருட்டி, கவிழ்த்துப்போட்டு இருபுறமும் கழுவி, தரையையும் கிருமிநாசினியால் துடைத்து, நன்கு காயவைத்து மறுபடி விரிக்கலாம். வெள்ளம் வரக்கூடிய தாமான்களில் ஓரப்பசை முறையைத் தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள். தீபாவளிக்கு முன்தினம் வாசல் நடுத்துண்டைச் சுருட்டி ஒதுக்கவும் அதே முறை வசதி செய்கிறது.

அடுக்குமாடிப் பால்கனிக்கு விதி இன்னும் கடுமை. அங்கே டைல்ஸுக்கடியில் நீர்காப்புப் படலம் இருக்கிறது. புல்லை நிறுத்த ஆணி அடித்தாலோ துளையிட்டாலோ அது கிழியும். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடிப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் 2015இல் வந்த விதிகள், கீழ்வீட்டுக் கூரையில் கசிவு கண்டால் வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அது மேல்வீட்டிலிருந்தே வருகிறது என்று கொள்ளச் சொல்கின்றன. பால்கனி வடிகால்துளையின்மேல் புல்லை விரித்து மூடிவிட்டவர்கள், அந்த இடத்தில் ஒரு சாண் சதுரத்தை வெட்டியெடுத்து, தூக்கித் திறக்கக்கூடிய மூடியாக வைத்துக்கொள்வது பின்னால் வரும் பெருஞ்செலவைத் தவிர்க்கும்.

இத்தனையும் செய்யத் தகுந்த புல்லா என்பதை உறுதிசெய்துகொள்ள எளிய சோதனை உண்டு. ஓர் இழையை நகத்தால் மடித்து அழுத்துங்கள். மடிந்து நிமிர்ந்தால் உயிர் இருக்கிறது. ஒடிந்தாலோ விரலில் பச்சைப்பொடி ஒட்டினாலோ அதன் காலம் முடிந்தது. ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தாலும் அப்படித்தான். பொடியும் புல்லில் ஒட்டுத்துண்டு போடுவது பணத்துக்கும் கேடு, குழந்தைகள் உருண்டு விளையாடும் இடமானால் உடலுக்கும் நல்லதில்லை. 2008இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சில நைலான் புல்தரைகளில் நிறமிக்காகச் சேர்த்த ஈயம் கண்டறியப்பட்டது. அதன்பின் தேய்ந்து பொடியும் பழைய புல்மீது தனிக் கவனம் திரும்பியது. பரப்பில் கால்பங்குக்குமேல் கெட்டுவிட்டாலும் முழுதாக எடுத்துவிடுவதே சிக்கனம் என்பது என் கணக்கு.

சில மாதங்களிலேயே வெளுத்துப்போனால் அது பழுது இல்லை, குறைபாடுள்ள சரக்கு. எழுத்தில் கொடுத்த உத்தரவாதமும் ரசீதும் விரித்த நாளின் படங்களும் கையில் இருந்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் அந்த மன்றம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நம்மவர்கள் பலர் "போனால் போகட்டும்" என்று விட்டுவிடுவது வருத்தம் தருகிறது.

கழற்றிய புல் எங்கே போகிறது? பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், ரப்பர்ப் பூச்சு, மண் எல்லாம் பின்னிக் கிடப்பதால் மறுசுழற்சிக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள். கோலாலம்பூர்க் குப்பை புக்கிட் தாகாருக்கும், கிள்ளான், ஷா ஆலம் பக்கத்துக் குப்பை ஜெராமுக்கும் போகிறது. அங்கே புதைந்தாலும் தேவலை. வாசலிலேயே கிடந்து பொடியும் இழை மழைநீரோடு சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து கிள்ளான் ஆற்றுக்கும் போகிறது. ஓஷன் கிளீனப் அமைப்பின் குப்பை அள்ளும் மிதவை 2019 முதல் அந்த ஆற்றில் வேலை செய்கிறது. பாட்டிலையும் பையையும் அது பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத பச்சைத் துகளைப் பிடிக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதி மைதானங்களில் கொட்டும் ரப்பர்த் துகளுக்கு 2031 வரை கெடு வைத்திருக்கிறது. வீட்டுப் புல்லின் இழைத்தூளுக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. நல்ல நிலையிலிருக்கும் புல்லைக் காலத்தோடு ஒட்டித் தைத்து நீடிக்கச் செய்வதும், பொடியத் தொடங்கியதை ஒரு நாளும் தாமதிக்காமல் சுருட்டி எடுப்பதும் ஆற்றுக்குச் செய்யும் உதவிகள். இரண்டுமே பழுதுபார்ப்பவரின் பொறுப்பு.

எடுத்த இடத்தில் திரும்பவும் பிளாஸ்டிக்கைத்தான் விரிக்க வேண்டும் என்பது இல்லை. கூரை மூடிய போர்ச்சுக்குக் கழுவிவிட்ட டைல்ஸே போதும், ஓரத்தில் நிழல் தாங்கும் செடித்தொட்டிகளை வைக்கலாம். வானம் தெரியும் பகுதியில் கேட்டை ஒட்டி இரண்டு வரிசை டைல்ஸை உடைத்தெடுத்து, கீழேயுள்ள சிமெண்டையும் கொத்தி, ஓரடி ஆழம் மண் நிரப்பினால் கௌகிராஸ் பிடித்துக்கொள்ளும். அகன்ற இலையுள்ள அந்தப் புல் ஓரளவு நிழலையும் தாங்கும், மிதித்தாலும் எழும். ஊசியிலைப் பிலிப்பைன்ஸ் புல்லுக்கு வெயில் கூடுதலாக வேண்டும். நாற்றுப்பண்ணைகளில் இரண்டும் பத்தையாகக் கிடைக்கின்றன. அந்தத் துண்டு மண் போர்ச்சில் தேங்கும் மழைநீரையும் உறிஞ்சிக்கொள்ளும். அக்டோபர் மழைக்கு முன் பதித்துவிட்டால் முதல் இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றும் வேலையும் பெரிதாக இருக்காது.